ஃபங்ஷன் முடியட்டும்

நேற்று தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உன் வாசனை வந்தது. மல்லிகை, பவுடர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அது தலைவலித் தைலம் என்று நம் இருவருக்கும் தெரியும். நெற்றியிலும் காதோரத்திலும் அதைத் தேய்த்துக்கொண்டுதான் நீ வகுப்புக்கு வருவாய். உன் பக்கத்தில் உட்கார்ந்தே என் சளி போய்விட்டது என்று நான் கிண்டல் செய்வேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். உன் மகள் யாழினி, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“தலைவலியா?” என்றேன்.

“கொஞ்சம்தான் ஆன்ட்டி. டெய்லி காலைல இருக்கும், அப்புறம் போயிடும் லா.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“அம்மாவோட திதி வருதுல்ல. அது முடியட்டும், பாத்துக்கலாம்.”

அவள் உன்னைப்போல் பேசினாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நீதான் பேசினாய்.

சாங்கி விமான நிலைய கார்கோ ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்த நாம், தலை நரைக்கிற வயதில் பட்டம் வாங்கியே தீருவது என்று பகுதிநேரமாகச் சமூகவியல் படிக்கக் கிளம்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? குடும்பத்தின் ஃபங்ஷன்கள், அதாவது செயல்பாடுகள், என்று ஒரு பாடம். அந்தத் தலைப்பை உன் புத்தகத்தில் பார்த்துவிட்டு உன் வீட்டுக்காரர், “யாரு வீட்டு ஃபங்ஷன்? எப்போ?” என்று கேட்டாராம். காதுகுத்து, வளைகாப்பு தவிர வேறு ஃபங்ஷன் அவருக்குத் தெரியாது. வகுப்பில் அதை என் காதில் சொல்லிவிட்டு நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

அந்தப் பாடத்தில் நான் ஒரு கட்சி, நீ எதிர்க்கட்சி. உடம்புக்கு உறுப்புகள் மாதிரி சமூகத்துக்குக் குடும்பம் என்றார்கள் செயல்பாட்டியக்காரர்கள். அது பிள்ளையை வளர்த்து ஆளாக்குகிறது. வெளியே அடிபட்டு வருகிறவரை ஆற்றித் தேற்றி மறுநாள் வேலைக்கு அனுப்புகிறது. அதனால் எல்லாம் நிலைத்து நிற்கிறது. எனக்கு அது அழகாக இருந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் தனியாக இருக்கிறவள் நான். கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் சத்தம்தான் வரவேற்கும். நான் ஏன் ஆசைப்பட மாட்டேன்? நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

“ஆத்தி அனுப்புதுன்னா யாருடி ஆத்துறா? குடும்பம்னு ஒரு ஆளா இருக்கு, எந்திரிச்சு வந்து டீ போட?” என்றாய்.

விமர்சகர்களின் பகுதி வந்தபோது நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். வீட்டில் எல்லாரும் கொட்டுகிற கோபத்தை வாங்கிக்கொள்கிற ஒருத்தி இருக்கிறாள், அவள் கணக்கிலேயே வருவதில்லை என்று பெண்ணியவாதிகள் எழுதியிருந்தார்கள். தெம்பாக வேலைக்கு வருகிற ஆளை முதலாளிக்குச் சம்பளமில்லாமல் தயார் செய்து கொடுப்பதும் அவள்தான் என்றார்கள் மார்க்சியர்கள். நீ ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனாய்.

ஒருநாள் விரிவுரையாளர் கேட்டார்: ஓர் உறுப்பு போய்விட்டால் அமைப்பு என்ன ஆகும்? உதாரணமாக, ஒரு வீட்டில் அம்மா இறந்துவிட்டால்? ஆளாளுக்கு ஏதேதோ சொன்னார்கள். நீ கையைத் தூக்கி, “ஒன்றும் ஆகாது. மகள் இருந்தால் போதும்” என்று ஆங்கிலத்தில் சொன்னாய். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “நான் ஜோக் அடிக்கல. எங்கம்மா போனப்ப எனக்குப் பதினாறு வயசு. ஸ்கூல நிப்பாட்டுன்னு யாரும் சொல்லல. ஒருநாள் பாத்தா கரண்டி என் கையில இருந்துச்சு, அவ்வளவுதான்.” பிறகு, “யாழினிக்கு அது வேணாம்டி. நான் இல்லாட்டி நீ பாத்துக்க” என்றாய். பெரிய பேச்செல்லாம் எதற்கு என்று நான் உன்னை அதட்டினேன்.

தலைவலி கூடிக்கொண்டே போனது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து உன் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, அதுவும் உன் வீட்டில். “ஃபங்ஷன் முடியட்டும் லா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று தேதியைத் தள்ளிவைத்தாய். ஃபங்ஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த வாரமே நீ அடுப்படியில் விழுந்தாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

நேற்று யாழினியிடமிருந்து ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு உட்லண்ட்ஸில் உன் வீட்டுக்கே போனேன். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சாமான்கூட இடம் மாறவில்லை. பிடிதுணி அதே ஆணியில் தொங்குகிறது. தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருக்கும் உன் மகனின் சீருடை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மடித்திருக்கிறது. சாம்பார் உன் சாம்பார்தான். கண்ணை மூடிச் சாப்பிட்டால் நீ இறந்ததே தெரியாது. ஆள் போன வீடு கொஞ்சமாவது அலங்கோலமாக இருக்க வேண்டாமா?

“ஒரு குறையும் இல்லீங்க. அவ அம்மா மாதிரியே எல்லாத்தையும் பாத்துக்கிறா” என்றார் உன் வீட்டுக்காரர். சொல்லும்போதே கண் கலங்கினார். நல்ல மனுஷன். பெண்ணை ஒரு வார்த்தை அதட்டியிருக்க மாட்டார். கொடுமைக்காரர் என்றால் நான் சண்டை போட்டிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும். யாரும் எதையும் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

கட்டடக்கலை படிக்க அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நீ கேட்டிருந்தால் அடுக்குமாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய். அவள் சேரவில்லை, அடுத்த வருஷம் போகிறேன் என்று தள்ளிவைத்திருக்கிறாள். யார் சொல்லி என்று கேட்டேன். “யாரும் சொல்லல ஆன்ட்டி, நானாதான்” என்றாள்.

அடுப்படியில் அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். நாளைக் காலை நான் வருகிறேன், இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம், திதி கிதியெல்லாம் அப்புறம் என்றேன். அன்று நடந்துபோகும்போது நீ சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவள் குழாயை மூடினாள்.

“அப்போ வீட்ட யாரு பாத்துப்பா ஆன்ட்டி?”

“உங்கப்பா பாத்துப்பாரு. தம்பி பாத்துப்பான். இல்லாட்டி கொஞ்ச நாள் குப்பையா கிடக்கட்டும், என்ன இப்போ?”

சிரித்தாள். ஆனால் கை மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டது.

நாம் அவ்வளவு வாதாடினோமே, உன் கட்சிதான் ஜெயித்தது. உன்னிடம் தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை, அதைச் சொல்ல நீ இல்லையே என்றுதான் அழுகை வருகிறது. குடும்பம் ஆளைப் பார்ப்பதில்லை, இடம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. நீ ஒப்படைத்துவிட்டுப் போன அந்த ஒரு வாக்கியம்தான் இப்போது என் கையில் இருக்கிறது. என் பிடிவாதம் உனக்குத் தெரியும், விடிந்ததும் கிளம்பிவிடுவேன். அவள் படி தாண்டும்வரை விட மாட்டேன்.

ஆனால் முந்திக்கொண்டு வந்துவிட்டேனா, இல்லை பிந்திவிட்டேனா என்று தெரியவில்லை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோதே ஹாலிலிருந்து உன் வீட்டுக்காரர் காப்பி கேட்டுக் குரல் கொடுத்தார். கூப்பிட்டது உன் பெயர். வாய் தவறியது அவருக்கே தெரியவில்லை, கண் டிவியில் இருந்தது.

“இதோ வந்துட்டேன்ப்பா” என்று யாழினி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கும் தெரியவில்லை.

நான் அடுப்படி வாசலில் நின்று, “யாழினி!” என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். நின்றாள், மெதுவாகத் திரும்பினாள்.

“என்னையா ஆன்ட்டி?” என்றாள்.