ஆத்தூர்ப் பொட்டலம்

நவம்பர் 3, திங்கள்

காலையில் தூறல். கல்லூரிக்கு ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. வேதியியல் ஆய்வக வகுப்புகளை வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் தம்பி குமரேசன் திருச்செங்கோட்டிலிருந்து வந்தான். இங்கே சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடன் அவன் மனைவி பூங்கொடி, இரண்டு பிளாஸ்க், ஒரு பாய், ஒரு வாளி.

க்ரோன் நோய். பல வருடமாக. சிறுகுடல் முடியும் இடம் புண்ணாவதும் ஆறுவதுமாக இருந்து, இப்போது சுருங்கி அடைக்கிறது. நாளை அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு முனைகளை ஒட்டுவார்கள். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பெரிய பயம், ஒட்டுப் போட்ட இடம் கசிவது. கசிந்தால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

"ஸ்டீராய்டு போன வருசமே நிறுத்தியாச்சு, சரி. இப்ப வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்," என்றான் கு.

பூங்கொடி பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பயம், பாவம்.

கு. முகம் நன்றாக உருண்டிருக்கிறது. தேறித்தான் இருக்கிறான்.

நவம்பர் 4, செவ்வாய்

முடிந்தது. நல்லபடி ஒட்டியாயிற்று என்றார்கள். வெட்டிய துண்டைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். பூங்கொடி பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

வாங்க வேண்டியது: தலையணை உறை, டெட்டால், பூங்கொடிக்குச் செருப்பு (அறுந்துவிட்டது).

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி.

"ஏனுங்க, காத்துப் பிரிஞ்சுதுங்களா?"

குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம். இருபது வருடமாக நான் சத்தமாகச் சொல்லாத சொல்லை வராந்தா முழுக்கக் கேட்கிறார்கள். மாமா ஒருவர் ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கி வந்திருக்கிறார். குடல் வெட்டுப்பட்டவனுக்கு முறுக்கு!

"அவனுக்கில்ல சாமி, காவலிருக்கற உங்களுக்கு. வெறும் வாயோட எத்தன நேரந்தான் காத்துக்குக் காத்திருப்பீங்க?"

கு. சிரிக்கப் போய்த் தையல் வலித்து முனகினான்.

மாலையில் சோர்வாகவே இருக்கிறான். மயக்க மருந்தாக இருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. எண்பதுக்கு மேல் ஏறவில்லை. வியர்வை, வாந்தி. பேச்சு குழறுகிறது. ஸ்கேனில் கசிவு எதுவும் தெளிவாகத் தெரியவில்லையாம். மதியத்துக்குள் ஏறாவிட்டால் திறந்து பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். சம்மதக் கையெழுத்துக்குப் பூங்கொடியைக் கூப்பிட்டார்கள்.

அவள் பேனாவை வாங்கவில்லை. என்னைக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துப் போனாள். புருஷனின் அக்கா என்ற முறையில் என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கையா, ஒண்ணு சொல்றனுங்க. திட்டக்கூடாது."

"சொல்லு."

"ஆத்தூர்ப் பக்கம் ஒருத்தர்கிட்டப் பொடி வாங்கி ஆடி மாசத்துலருந்து தின்னுட்டிருந்தாருங்க. தெனம் ரெண்டு வேளை. இங்க வந்த அன்னிக்குத்தான் நிறுத்துனாரு."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீங்க பக்கத்துல நின்னீங்களே."

அப்புறம் மெதுவாக: "அன்னிக்கு நான் லேகியம் கொண்டாந்தப்ப, எல்லாத்து முன்னாலயும் சிரிச்சீங்கள்ல. அக்காளுக்குத் தெரியக்கூடாதுன்னு அவருதான் சொன்னாரு."

உருண்ட முகம். ஸ்டீராய்டு தின்றால் முகம் அப்படித்தான் உப்பும். மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பொட்டலம் அவள் பையிலேயே இருந்தது. சாம்பல் நிறம், மணமில்லை. ஓடினேன். டாக்டர் யாரையும் திட்டவில்லை. "இதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா, திடீர்னு நிறுத்துனதால உடம்பு தாங்கல. சோதனைக்கு ரத்தம் எடுத்துட்டு இப்பவே ஊசி போட்டுடலாம்."

போட்டார்கள். மானிட்டரைப் பார்த்தபடியே நின்றோம். தொண்ணூறு. மாலையில் நூற்றுப்பத்து. திறக்க வேண்டியதில்லை, இன்றைக்கு.

நவம்பர் 7, வெள்ளி

தெளிந்துவிட்டான். தண்ணீர் கேட்கிறான். ரத்தச் சோதனை முடிவும், பொடியால் உடம்பு ஸ்டீராய்டுக்குப் பழகியிருந்ததைத்தான் காட்டுகிறதாம்.

ஆனால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இப்ப ஒட்டியிருக்க மாட்டேன் மேடம். கொஞ்ச மாசத்துக்கு வயித்துக்கு வெளியில மலம் போக ஒரு பை வெச்சுட்டு, அப்புறமா சேர்த்திருப்பேன். ஸ்டீராய்டுல இருந்த குடல் சீக்கிரம் ஆறாது." இப்போது ஊசியை நிறுத்தவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை ஒட்டு தாங்க வேண்டும்.

பூங்கொடியிடம் பாதிதான் சொன்னேன். பிறகு, நானும் ஒளிக்கிறேனே என்று மீதியையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

வயிற்றிலிருந்து வரும் குழாயைப் பத்துத் தடவை பார்த்திருப்பேன். வெளிறிய சிவப்பு. கலங்கல் இல்லை. கசிந்தால் அதில்தான் முதலில் தெரியுமாம்.

நவம்பர் 8, சனி

காற்றுப் பிரிந்தது! பூங்கொடி வராந்தா முனையிலிருந்தே கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். மாமாவுக்கு போன் பண்ணி நானே அந்தச் சொல்லைச் சொன்னேன்.

சாயங்காலம் லேசான காய்ச்சல். தையல் போட்ட இடமா, உள்ளேயா, சொல்லத் தெரியவில்லை என்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். காய்ச்சல் இல்லை. குழாய் தெளிவு. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இன்னும் சில நாள் போகட்டும்," என்றார். அவ்வளவுதான்.

கு. என்னைப் பார்க்காமலே பேசினான்.

"அக்கா, ரிக் வண்டில போனா காட்டுக்குள்ள வாரக்கணக்கா இருக்கோணும். போர் போடறப்ப நிமிசத்துக்கொருக்கா வயித்தப் புடிச்சுட்டு மறைவு தேடி ஓடற ஓனர எவன் மதிப்பான்? அந்தப் பொடி தின்ன நாலு மாசந்தான் நான் மனுசனா இருந்தேன்."

போர்வையைச் சரி செய்தேன்.

அவன் தூங்கின பிறகு பூங்கொடி கிட்டே வந்தாள்.

"நங்கையா. காலைல கோயிலுக்குப் போனேன்ல. அவரு நாக்குல கொஞ்சம் துன்னூறு வெச்சுட்டனுங்க."

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"எவ்வளவு?"

"ஒரு சிட்டிகைங்க."

"நர்ஸ்கிட்ட நீயே சொல்லு. நானும் கூட வாரேன்."