படியில் துணி இருந்ததா

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். கரையில் நின்றாலும் கடலில் மிதந்தாலும் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாவுக்கு எந்நேரமும் நினைப்பு. எழுத்து மாறியிருக்கிறதே என்று யோசிக்காதே, என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, புதியது வரும்வரை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நடுக்கடலில் போன் எடுக்காது, எடுத்தாலும் பேசுவது காற்றோடு போய்விடும், தாளில் இருந்தால் இரண்டு தடவை படிக்கலாம். வேலை நல்லபடியாக நடக்கிறது. ஒரு புது டிவி தொடருக்குப் பெரிய கூடம் செட் போட்டோம், மாடிப்படியோடு. ஒன்பது நாளில் பணக்காரன் வீடு எழும்பிவிட்டது, நம் வீட்டுக் குளியலறைக் கதவு மட்டும் இரண்டு வருஷமாக ஒற்றைக் கீலில் தொங்குகிறது என்று அம்மா குத்திக்காட்டுகிறாள், அவள் சொல்வதும் வாஸ்தவம்தான். லைட்மேன் ஏணி மாமா, ஏணி போடாமலே விளக்கு மாட்டுகிற அந்த உயரத்தில் அப்படியேதான் இருக்கிறார், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். இஞ்சின் அறையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள். ஒன்றைப் பொருத்தினால் நீயே ஒரு முறை ஆட்டிப் பார், பார்க்காமல் அடுத்தவனை அதில் கை வைக்க விடாதே.

அண்ணா, இதுவரை அப்பா சொன்னது. இனி எழுதுவது அவருக்குத் தெரியாது. அவரும் அம்மாவும் படுத்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், அவர் இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அப்பாவின் கண்ணாடி உடையவில்லை. வலது கையில் இரண்டு விரல் நசுங்கி மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருக்கிறது. ஏணி மாமா உன்னைக் கேட்கவும் இல்லை. அவர் பதினொரு நாளாக ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடக்கிறார், இடுப்புக்குக் கீழே கிள்ளினால் தெரியவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அந்தக் கூடத்தை நீ பார்த்ததில்லை. முன்னால் நின்றால் பளிங்குத் தரை, தேக்குக் கதவு, சுவர் முழுக்கப் புத்தகம். பின்னால் போனால் வெறும் பிளைவுட்டும் சட்டமும், சுவர் சாயாமல் இருக்கக் கொடுத்த முட்டுக்கட்டைகளும், அவற்றின் காலில் மணல்மூட்டைகளும்தான். பளிங்கு என்பது தாளில் அச்சடித்து ஒட்டியது, புத்தகங்களுக்கு முதுகு மட்டும் உண்டு. மாடிப்படி மொத்தம் பன்னிரண்டு. கீழிருந்து ஐந்து படிகள் மட்டும் கனத்த மரம், கதாநாயகி ஐந்தாவதில் நின்று பேசிவிட்டு இறங்கி வருவாள். ஆறாவதிலிருந்து மேலே மெல்லிய பலகை, பார்வைக்கு மட்டும், ஏறினால் போய்ச் சேர மாடியும் கிடையாது. ஆள் பாரம் தாங்காத எதுவானாலும் அப்பா அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார், உனக்குத்தான் தெரியுமே. கேமரா ஓடும்போது அவரே அவிழ்ப்பார், ஓடி முடிந்ததும் அவரே கட்டுவார், வேறு யாரும் தொட்டால் கெட்ட கோபம் வரும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் படியையும் பலகையையும் தட்டிப் பார்ப்பதில்லை, துணி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். துணி இல்லையென்றால் தாங்கும். அப்பாவின் பேச்சைவிட அந்தத் துணியைத்தான் அதிகம் நம்புவார்கள்.

அன்றைக்குப் பள்ளியில் பொதுத்தேர்வுப் படிவத்துக்குக் கடைசி நாள், பெற்றோர் கையெழுத்து இல்லாமல் என்னுடையது ஒன்றுதான் பாக்கி. நான் முந்தின இரவே வாங்கியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். நான் போய்ச் சேரும்போது படிக்கட்டுக் காட்சி முடிந்து சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள். அப்பா படிக்குப் பக்கத்தில்தான் நின்றார். நான் படிவத்தை ஆட்டிக் கூப்பிட்டேன், உடனே வந்துவிட்டார். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று வெளியே வாட்ச்மேன் மேஜைக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட்டார், முகத்தைப் பார்த்தால் பசி தெரியுது, ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போ என்று வாங்கியும் கொடுத்தார், தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புத் துணியின் நுனி வெளியே தெரிந்தது. நான் பார்த்தேன் அண்ணா. அது எங்கே இருக்க வேண்டியது என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அப்போது டீ சூடாக இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி டம்ளர் இருக்கும்போது உள்ளே சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, யாரோ காலிப் பெட்டியை மிதித்தது போல. அப்பா டம்ளரைக் கீழே வைக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மாமா மேலே இருந்த ஒரு விளக்கைத் திருப்ப ஏறியிருக்கிறார். எட்டாவது படி உடைந்து, கீழே நிறுத்தியிருந்த சட்டத்தின் மேல் முதுகு அடிபட விழுந்து கிடந்தார், படிக்கட்டின் பக்கச்சட்டமும் சரிந்து அவர் மேலே. அப்பா ஒற்றை ஆளாக அதைத் தூக்கிப் பிடித்தார், முட்டுக்கட்டை வழுக்கி அவர் விரல்மேல் இறங்கியது, அப்போதும் விடவில்லை. நாலைந்து பேர் ஓடிவந்து மாமாவை வெளியே இழுத்த பிறகுதான் விட்டார். அந்தக் களேபரத்தில் ஒருவர், என்னண்ணே துணி கட்டலையா என்று கேட்டார். கட்டித்தான் வச்சிருந்தேன் என்று அப்பா சொன்னார். யோசித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை, சூடு பட்டால் கை தானாக இழுத்துக்கொள்ளுமே அப்படி. ஆனால் சொல்லிவிட்டார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அப்பா திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மா அவர் சட்டையை ஊறவைக்கப் போகிறவள் பைக்குள் கை விட்டாள். துணியை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டிவிட்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பாத்திரத்தைப் பாரு என்றாள். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவது சாப்பாடு, மாத்திரை, இரண்டு வார்த்தைதான். கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்க்கில் பால் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா கட்டிலில் அடங்கவில்லை, கால் இரண்டும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும், வாடி படிப்பாளி, உங்கப்பனை நல்ல கட்டிலா ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு, இவங்க குள்ளனுக்குச் செஞ்சு வச்சிருக்காங்க என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, உங்கப்பன் ஒருநாள் வந்தான், வாசல்லயே நின்னான், என் மூஞ்சியைப் பாக்கவே இல்லை, கை ரொம்ப வலிக்குதா அவனுக்கு என்று கேட்டார். நான் பிளாஸ்க்கைத் திறந்து பாலை ஊற்றினேன். அத்தை என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். அவள் புடவை மூன்று நாளாக மாற்றாதது போலக் கசங்கிக் கிடந்தது. நீ அன்னைக்கு அங்க வந்திருந்தேன்னு வாட்ச்மேன் சொன்னாரும்மா, படியில துணி இருந்துச்சா இல்லையான்னு கண்ணால பாத்தியா, உங்க மாமா துணி இல்லை, பாத்துட்டுத்தான் ஏறினேன்னு தலை தலையா அடிச்சுக்கிறாரு, ஒருத்தரும் நம்பல, குடிச்சிட்டு ஏறினான்னு வேற கதை கட்டுறாங்க என்றாள். நான் கவனிக்கல அத்தை என்றேன். அவள் என் தலையைத் தடவி, பரவால்லம்மா, படிக்கிற பிள்ளையைப் போய் இதுல இழுக்கறேன் பாரு என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூட வீட்டுக்கு வந்து சோறு இறங்கியிருக்கும்.

முந்தாநாள் புரொடக்‌ஷன் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தார். துணி கட்டியிருந்தது, மாமா அதை மீறி ஏறினார், பொறுப்பு அவருடையதே என்று அதில் இருக்கிறது, அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். நான் புதுசா ஒண்ணும் சொல்லச் சொல்லலையே, நீங்க அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னதுதானே என்றார். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, கட்டலைன்னு மாத்திச் சொன்னீங்கன்னா அவருக்கு இழப்பீடு போகும், உங்களுக்கு வேலை அட்டை போகும், அப்புறம் எந்த ஸ்டூடியோவும் சேத்துக்காது, போலீஸ் வேற வரும், இப்ப கஷ்டப்படறது ஒரு குடும்பம், அப்புறம் ரெண்டு குடும்பம், கணக்கு நீங்களே போட்டுக்குங்க என்றார். போகும்போது, பொண்ணு நல்லாப் படிக்குதாமே, படிக்க வைங்க என்றும் சொன்னார். நாளை பத்து மணிக்கு அப்பா ஆபீஸுக்குப் போக வேண்டும்.

அவர் கையெழுத்துப் போடமாட்டார் என்றுதான் நேற்று வரை நினைத்தேன். இன்று சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதக் கணக்கு நோட்டைத் திறந்தால், கடைசிப் பக்கத்தில் இடது கையால் அவர் பெயரை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறார். எண்ணினேன், பதினேழு. முதலில் இருப்பதெல்லாம் எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கிறது. கடைசிக் கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. நோட்டை மூடி வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான் உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பொருத்தியதை ஆட்டிப் பார் என்று சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதவா அப்பா என்று கேட்டேன். எழுது, அவனுக்காவது உதவட்டும் என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம், நான் பார்த்தேன் அப்பா என்று. அவர் சொன்னதை மட்டும் எழுதினேன்.

அண்ணா, அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அன்றைக்குப் போய்க் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவர் வழக்கம்போலக் கட்டியிருப்பார், மாமா வழக்கம்போலப் பார்த்துவிட்டு ஏணி எடுக்கப் போயிருப்பார். அப்பா என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, நான் வந்ததையே சொல்லவில்லை. என்னால்தான் பொய் சொல்கிறாரோ என்றும் தோன்றுகிறது. ஆனால் மாமா பொய் சொல்கிறார் என்று எழுதிய தாளை அவருக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். கீழே அப்பா பெயர் இருக்கும். கால் போனதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்காது.

நான் என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுதத்தான் உறைத்தது, இந்தத் தாள் உன் கப்பல் கம்பெனி வழியாக உன் துறைமுகத்துக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும், நீ பதில் போட்டு அது இங்கே வர இன்னும் மூன்று வாரம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் கேட்கவில்லை, சொல்கிறேன். விடிந்ததும் அம்மா எழுவதற்கு முன்னால் அப்பாவை எழுப்புவேன். உங்கள் பையில் துணி இருந்ததை நான் பார்த்தேன் என்று சொல்வேன். மிரட்டமாட்டேன், அழவும் கூடாது என்று நினைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள். அவர் மாமாவிடம் போவதாக இருந்தால் நானும் கூடப் போவேன், அவர் அடிபட்ட கைப்பக்கமாக நடப்பேன். அவர் ஆபீஸுக்குத்தான் போவேன் என்றால் நான் தனியாக அத்தையிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அவருக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் போவேன், முதுகுக்குப் பின்னால் போகமாட்டேன்.

உனக்கு இது கிடைக்கும்போது அப்பா எங்கே இருப்பார், நான் எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருப்பேன் என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பதிலை அவர் பெயருக்கே போடு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்காதே, அதை மற்ற எல்லோரும் கேட்டிருப்பார்கள். விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். மாமாவுக்கும் தனியாக இரண்டு வரி எழுது, கட்டில் நீளமானதாக மாற்றிக் கொடுத்தார்களா என்று. முடிக்கும்போது அப்பா உனக்குச் சொல்லச் சொன்னது இது: நேரத்துக்குச் சாப்பிடு, மேல்தட்டில் ஈரமாக இருக்கும்போது ஓடாதே, போகிற கடலெல்லாம் உனக்கு வழி விடட்டும், எங்கள் ஆயுசும் சேர்ந்து நீ நன்றாக இரு.

அப்பாவுக்காகவும் சேர்த்து,
உன் தங்கை