போகும் ஊர்: குடிபாலா

குடிபாலா,
சித்தூர் ஜில்லா,
22-8-1999

சிரஞ்சீவி ஹரிபாபுவுக்கு நைனா எழுதுவது.

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழைதான் இல்லை, மற்றபடி குறையில்லை. இரண்டு வருடமாக நீ பதில் போடவில்லை. ஆனால் நான் போட்ட கடிதம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆகவே அந்த அமெரிக்கா விலாசத்தில் நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு மறுபடியும் எழுத உட்காருகிறேன்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சித்தூர் டாக்டர் மாத்திரை மாற்றியிருக்கிறார். நீ கல்யாணத்தை முடித்துவிட்டுப் போனில் சொன்ன அன்று, அவள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நேராக வயலில் மோட்டார் கொட்டகைத் தொட்டிக்குப் போய் உன் பேரைச் சொல்லித் தலைமுழுகினாள். அது உன் காதுக்கு எட்டியது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் அந்தத் தொட்டிப் பக்கம் போவதில்லை என்பது உனக்கு எட்டியிருக்காது.

இப்போது வேறொரு சேதி. மலேசியாவில் ஈப்போவிலிருந்து யசோதா என்கிற பெண் நம் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். குடிபாலாவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போன கிருஷ்ணப்பாவின் பேத்தி அவள். கிருஷ்ணப்பா என்றால் என் நைனா, உன் தாத்தா. நான் தொட்டிலில் கிடந்தபோது கப்பலேறியவர். மூன்று வருடம் கழித்து, அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார் என்று தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவன் சொல்ல, இங்கே கருமாதி செய்தார்கள். என் அம்மா பொட்டழித்தாள். நீ கேட்டு வளர்ந்ததும் இவ்வளவுதான்.

யசோதா எழுதியது வேறு. அவர் அப்போது சாகவில்லை. யுத்தம் தொடங்கிய பிறகு, 1940இல், ஒரு முறை ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினாராம். அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள், திரும்பவில்லை. ‘ஊரில் மகனை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டினேன் என்று தாத்தா சொல்வாராம். அந்த மகன் நீங்கள்தானா?’ என்று கேட்டிருந்தாள்.

அப்போது எனக்கு ஐந்து வயது. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு மடி ஞாபகமில்லை.

அவருடைய கப்பல் பயணக் காகிதத்தின் நகலையும் அனுப்பியிருந்தாள். இந்தியாவில் தங்கிய விலாசம் என்ற இடத்தில் குடிபாலா இல்லை, திருப்பதி ரயிலடிப் பக்கத்துச் சத்திரம் ஒன்று இருந்தது. ஊருக்கு வந்தவர் எதற்காகச் சத்திரத்து விலாசம் கொடுக்க வேண்டும்? பஸ்ஸேறித் திருப்பதிக்குப் போனேன். அந்தச் சத்திரம் இன்னும் இருக்கிறது. அங்கே குமாஸ்தாவாக இருப்பவன் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த வெங்கடரமணன். யுத்தக் காலத்தில் கடல் தாண்டி வந்தவர்களின் பேரை அங்கே தனியாக எழுதி வைத்திருந்தார்களாம். பரணில் ஏறித் தேடி, தும்மிக்கொண்டே அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தான்.

தெலுங்கில் எழுதியிருந்தது. வந்த ஊர்: ஈப்போ. சொந்த ஊர்: குடிபாலா. போகும் ஊர் என்ற இடத்திலும் குடிபாலா. அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே சென்னைத் துறைமுகம் என்று வேறு மையில் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் கேட்க ஊரில் மிச்சமிருப்பவர் வெங்கடசாமி ஒருவர்தான். அப்போது அவருக்கு மாடு மேய்க்கிற வயது. ‘ஒங்க நைனா வந்தாருப்பா. ஏரிக்கரை ஆலமரத்தாண்ட நின்னுக்கினு இருந்தாரு. கருமாதி ஆன ஆளு எப்பிடி ஊருக்குள்ள வர்றதுன்னு பெரியவங்க பேசிக்கினாங்க’ என்றார்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது. காரியம் செய்யப்பட்டவன் திரும்பி வந்தால், அவன் புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் சமம். மொட்டையடித்து, ஊர் எல்லையில் நிற்க வேண்டும். தாய்மாமன் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாக அழைத்து வந்து, மறுபடி பேர் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள். நெடுநாள் வராத பையனின் பேரை அடித்துவிடுவோம். திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வோம்தான், ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். ஆள் வராததால் நாள் முழுக்க வாசலிலேயே நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘திருமலைக்குப் போயி மொட்ட போட்டுக்கினு சத்திரத்துல இரு, ஒன் மாமன் வந்து இட்டாருவாரு’ என்று சொல்லி அனுப்பினார்களாம். மாமன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தார். அவருக்கு ஆள் மூலம் சேதி போயிற்று. ஊர்க்காரர்களே போய் அழைத்திருப்பார்கள் என்று மாமன் நினைத்துக்கொண்டார். மாமன் போயிருப்பார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ‘யாருக்கும் அவரு மேல கோவம் கெடையாதுப்பா. யாரும் போவல, அவ்ளோதான்’ என்றார் வெங்கடசாமி. கப்பல் நாள் வரைக்கும் காத்திருந்துவிட்டு என் நைனா போய்விட்டார்.

நான் எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். ‘ஒங்கம்மாவுக்கு யாரு சொன்னாங்களோ தெரியல. அந்த நாள்ல பொழுது சாஞ்சா ஒன்ன இடுப்புல வெச்சிக்கினு பஸ் ரோட்டாண்ட போயி நின்னுக்கினே இருப்பா.’

அது எனக்கு ஞாபகமிருக்கிறது, ஹரிபாபு. எனக்குப் பஸ் காட்டத்தான் தூக்கிப் போகிறாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

சத்திரத்தில் நடந்தது ஒன்றை இன்னும் எழுதவில்லை. புத்தகத்தை மூடிய பிறகு வெங்கடரமணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ‘சார், ஜூன் மாசம் ஹரிபாபு இங்கதான தங்கினாரு. அந்தம்மா, கைக்கொயந்தப் பொண்ணு எல்லாம் வந்திருந்தாங்க. கொயந்தக்கி முடி எறக்கிட்டு, இவரும் மொட்ட போட்டுக்கினாரு. சாயங்காலம் ஆனா மாடியில நின்னு ரோட்டப் பாத்துக்கினு இருப்பாரு. யாருன்னா வரணுமான்னு கேட்டேன், சும்மாத்தான்னாரு. நெரந்தர விலாசம்னு குடிபாலாவத்தான் எழுதினாரு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்.’

தெரியும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

வெங்கடசாமியைப் பார்த்த மறுநாள் சித்தூருக்குப் போய் உன் மாமா கோபிகிருஷ்ணனைக் கேட்டேன். திருப்பதியிலிருந்து நீ அவனுக்குப் போன் செய்ததை ஒப்புக்கொண்டான். ‘அவனே ஊட்டுக்கு வருவான்னு நெனச்சேன் மாமா. இல்லன்னா உங்களுக்கும் பேசியிருப்பான், நீங்க போயி இட்டாந்திருப்பீங்கன்னு நெனச்சேன். அக்காவ நெனச்சா எனக்குப் பயம்’ என்றான். வெங்கடசாமி சொன்னதை மட்டும் அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘அமெரிக்காவுக்கே போயி கையப் புடிச்சி இட்டாறேன், எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க’ என்றான்.

உன் அம்மாவிடம் திருப்பதியிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டேன். முறத்திலிருந்து அவள் தலை நிமிரவில்லை. ‘சத்திரத்துல என்னா துன்னாங்களாம்?’ என்று கேட்டாள். தெரியாது என்றேன். முறத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ‘பொண்ணா, புள்ளயா?’ என்றாள். பெண் என்றேன். மறுநாள் பெட்டியிலிருந்து பழைய நூல்சேலை ஒன்றை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். நீ தூளியில் கிடந்த சேலை அது. எதற்கு என்று கேட்டதற்கு, பூச்சி அரிக்குது என்றாள்.

யசோதாவுக்குப் பதில் போட்டுவிட்டேன். ஆமாம் அம்மா, அந்த மகன் நான்தான், மடியில் வைத்துத்தான் ஊட்டினார் என்று எழுதினேன். அவ்வளவு தூரம் அவர் சுமந்துபோன ஒரு வாய்ச் சோற்றை நான் ஏன் தட்டிவிட வேண்டும்? ஆனால் நாளைக்கு உன் மகள், குடிபாலாத் தாத்தா என்னைத் தூக்கினாரா என்று உன்னைக் கேட்பாள். அப்போது நீ அப்படி ஒன்றைக் கட்டிச் சொல்லும்படி ஆகக் கூடாது.

உனக்கு இங்கே பதினாறாம் நாள் காரியம் எதுவும் நடக்கவில்லை. கோபத்தில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் அன்றைக்கே காய்ந்துவிட்டது. ஆகவே நீ எல்லையில் நிற்க வேண்டாம், முன்வாசல் வழியாகவே வா. கூப்பிட ஆள் வரவில்லை என்று இருக்கக் கூடாது, இந்தக் கடிதத்தையே ஆளாக வைத்துக்கொள். தேதி முடிவாகாவிட்டாலும் குழந்தையின் பேரை மட்டுமாவது எழுது. வெங்கடரமணன் அதைக் கேட்டுவைக்கவில்லை. பேர் தெரியாமல் ஆசீர்வாதம் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

சௌபாக்கியவதி நீரஜாவுக்கு எங்கள் ஆசி. நீங்கள் மூவரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் நைனா,
கி. முனிகிருஷ்ணன்

பி.கு.: அம்மா இதில் எதுவும் எழுதச் சொல்லவில்லை. சோற்றுப் பருக்கை தேய்த்து உறையை ஒட்டியது அவள்தான்.