டயர் மாற்றிய மழைக்காலம்

ஜூன் 3

முன்னறைத் தையல் கடையில் ஒரு கோட்டுக்குக் கையைக் குட்டையாக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி வந்து நின்ற விதம் சரியில்லை. எட்டிப் பார்த்தால் இவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார், களவு கொடுத்தவர் போல. பின்பக்கம் முழுக்கச் சேறு.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. ரவுண்டானாவுல லேசா சுத்திருச்சு. ஈர ரோடு. டயர் பிடிக்கல.”

லேசாகவாம்! வண்டி முழுசாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றதாம். நல்ல வேளை, பின்னால் யாரும் வரவில்லை. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். ‘ஒரு கூடை முட்டையைக் கொடு, ஒண்ணு உடையாம இறக்குறேன்’ என்பதுதான் இந்த வீட்டின் தேசிய கீதம். ஓய்வு பெற்ற கையோடு இந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். கரும்பச்சை, பழசு. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் ஏற முடியாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

“யானைக்கும் அடி சறுக்கும்” என்றேன்.

“யானைக்கு ஒண்ணுமில்ல. டயர்தான் ஒல்லி.”

ஜூன் 5

மூன்று வேளையும் டயர்ப் புராணம். அகல டயர் போட்டால் ரோட்டைக் கவ்விக்கொள்ளுமாம். ஆனால் ரிம்மை மாற்ற மாட்டாராம், வண்டியோடு பிறந்த ரிம்மாம், அதன் அழகே அழகாம். தோள் அளவு அப்படியே இருக்கட்டும், சட்டையை மட்டும் பெரிசாக்கு என்று என்னிடமும் ஆட்கள் வருவதுண்டு. சொன்னேன். முறைத்தார்.

ஜூன் 8

டயர்க் கடைக்கு நானும் போனேன். கூட யாராவது இல்லாவிட்டால் இவர் லாரி டயரே வாங்கி வந்துவிடுவார்.

இவர் இருநூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர் கேட்டார். டயர்க்காரர் சக்கரத்தின் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “ரிம் ஏழு இஞ்சுதாங்க. நாப்பத்தஞ்சு போட்டா டயருக்குத் தொப்பை விழும். நீங்க ஸ்டியரிங்கத் திருப்புவீங்க, வண்டி யோசிச்சு யோசிச்சுத் திரும்பும். இருநூத்தி இருபத்தஞ்சு போடுங்க, கச்சிதமா உக்காரும்.”

“இப்ப இருக்கறது இருநூத்தி அஞ்சு. இருபத்தஞ்சுக்கு மாத்துனா வித்தியாசம் தெரியுமா?”

“மழையில வழுக்காது. ஆனா இந்த டயரும் ஒண்ணும் மோசமில்லையே சார். பட்டன் தேயாம நல்லா இருக்கு. சுத்துற அளவுக்கு…” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்?

ஜூன் 12

மாட்டியாயிற்று. ஸ்டியரிங்கை ஒரு பக்கக் கடைசி வரை ஒடித்து, உள்ளே உரசுகிறதா என்று டயர்க்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபக்கமும். எங்கும் உரசவில்லை. டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் குட்டை, அதனால் மொத்த உயரம் பழைய டயர் அளவேதான், வேக மீட்டர் பொய் சொல்லாதாம்.

இவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயரையும் தடவிக் கொடுத்தார். இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! வேலையை விட்டதிலிருந்து வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தவர். போகட்டும், நான்கு டயரில் சந்தோஷம் கிடைக்கிறதென்றால் எனக்கென்ன.

ஜூன் 14

வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடுகிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 17

மருந்துக் கடைக்குப் போனவர் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார். இடது காலில் செருப்பு இருக்கிறது. வலது காலில் இல்லை.

“இன்னொரு செருப்பு எங்க?”

“எது?” என்று குனிந்து பார்த்தார். அந்த நொடியில் அவர் முகம் இருந்த இருப்பு— எழுத முடியவில்லை.

பாதத்தில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சில்லு. தரையில் வாசலிலிருந்து ரத்தப் பொட்டுகள். வலிக்கவில்லையாம். நான் பிடுங்கியபோதும் வலிக்கவில்லை. செருப்பு தெருமுனைத் தண்ணீரில் கிடந்தது. எடுத்து வந்து கழுவி வைத்தேன். பன்னிரண்டு வருடச் சர்க்கரை. காலைப் பாருங்கள், காலைப் பாருங்கள் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

ரவுண்டானாவில் சுற்றியது டயரால் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு?

ஜூன் 21

வீட்டுக்கு வந்ததும் வராததுமா எழுதறேன்.

பள்ளிக்கூடத்து இறக்கத்துல சிக்னல். நின்னுட்டோம். ஒரு அம்மா தள்ளுவண்டியில குழந்தைய வச்சுக்கிட்டு மெதுவா கடக்கறா. நம்ம வண்டி நகருது. மெல்ல நகருது. இவர் நேரா பாத்துக்கிட்டு எதையோ சொல்லிக்கிட்டே இருக்கார். கால் பிரேக்குல இல்ல, ஆனா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார். நான் கை பிரேக்க இழுத்தேன். நின்னுச்சு. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கல.

இவர் சொல்றார், “பாத்தியா, இறக்கத்துல எப்படிப் பிடிச்சு நிக்குது! டயர்னா இது டயர்.”

பச்சை விழுந்ததும் மெதுவாகக் கை பிரேக்கை இறக்கிவிட்டேன்.

ஜூன் 22

இன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஜூன் 24

சொல்லத் தைரியமில்லாதவள் திருடியாகிவிட்டேன். வண்டிச் சாவியைப் பட்டன் டப்பாவில் போட்டு, மேலே நூல்கண்டுகளைப் போட்டு மூடினேன்.

ஜூன் 27

தேடுகிறார். சோபாவுக்கு அடியில், மழைக்கோட்டுப் பைகளில், ஃப்ரிட்ஜுக்கு மேலே. “சாவிக்குக் கால் முளைச்சுருச்சா?” என்கிறார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு தையல் மெஷினை மிதிக்கிறேன். ஒரு ஜிப் கோணிப்போயிற்று. பிரித்துத் தைத்தேன், மறுபடியும் கோணல்.

ஜூலை 1

இன்று மழை விடவே இல்லை. கடையில் ஆள் இல்லை. எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“சாவி அந்த டப்பாவுலயே இருக்கட்டும்.”

மெஷினை நிறுத்தினேன். “தெரியுமா உங்களுக்கு?”

“மொத நாளே தெரியும். பட்டன் எடுக்கறப்பல்லாம் டப்பா வேற மாதிரி சத்தம் போடுது.”

“அப்புறம் ஏன் வீட்டையே தலைகீழாக் கவுத்தீங்க?”

“தேடறத நிறுத்திட்டா, நீ ஏன்னு கேப்ப. அதான்.” மெஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். “அன்னிக்கு சிக்னல்ல உன் முழங்கை என் தொடையில இடிச்சுது. நீதான் இழுத்தன்னு அப்பவே தெரியும். டயர்னு சொல்லிட்டேன். என்ன சொல்லச் சொல்ற?”

அழுதேன். கோபத்தில் அழுதேனா, பரிதாபத்தில் அழுதேனா, தெரியவில்லை. அந்தக் குழந்தையை நினைத்தும் அழுதேன். அவர் என் கத்தரிக்கோலை எடுப்பதும் திருப்பி வைப்பதுமாக இருந்தார்.

ஜூலை 4

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க டாக்டர் ஒரு நைலான் இழை வைத்திருந்தார். “கண்ண மூடிக்கங்க. தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லுங்க.”

பெருவிரல், சுண்டுவிரல், பாதம், குதிகால். வலது கால் முழுக்கத் தொட்டு முடித்துவிட்டார். ஒரு ‘ம்’கூட வரவில்லை. இவர் கண்ணை இறுக்க மூடி, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார்.

“ஆரம்பிங்க டாக்டர்” என்றார்.

ஜூலை 13

வண்டி விற்றுப்போனது. லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு பெண். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “வளைவுல சும்மா ஒட்டிக்கிட்டுப் போகுது சார்!” என்றாள்.

“இருநூத்தி இருபத்தஞ்சு. அதுக்கு மேல ஆசைப்படாதம்மா, இந்த ரிம் தாங்காது” என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது. அவள் வண்டியோடு தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு காலியான இடத்தில் கிடந்த எண்ணெய்க் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். நானும் தடுக்கவில்லை.

ஜூலை 20

ஞாயிறு. பஸ்ஸில் கடற்கரைக்குப் போனோம். ஓட்டுநருக்குப் பின் சீட்டு. என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். நிறைய பேசினார், அந்த ஓட்டுநருக்குக் கியர் மாற்றத் தெரியவில்லை என்றுகூட.

பாதி வழியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. இவர் பேச்சை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பியே இருந்தார். கீழே அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. பஸ் நின்ற பிறகும் எடுக்கவில்லை. அவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவில்லை.