மூன்றாம் பகுதி முடியும் வரை

சேசு மரி சூசை துணை

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
24-2-1955, வியாழக்கிழமை.

அன்பு மகள் இன்பமேரிக்குத் தகப்பன் உபகாரசாமி ஆசீர்வதித்து எழுதுவது.

இவ்விடம் நான் நலம். திருச்சி விடுதியில் நீயும், உன்னைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீகளும் நலமாயிருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன்.

நேற்று விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் பூசிய சாம்பலுடன் வீடு திரும்பியபோது உன் கடிதம் வந்திருந்தது. தலைப்பில் ‘ஞாயிறு மாலை’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்த ஞாயிறு? தபால் முத்திரை 21 என்றிருந்ததால் 20ஆம் தேதி என்று நானாக வைத்துக்கொண்டேன். தேதியில்லாத கடிதத்தைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் நான் மேசைமேல் ஏற்றியதில்லை. சர்வகலாசாலைக்கு விண்ணப்பம் எழுதும்போதாவது இதை மறவாதே.

நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி. கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று ரோசி அத்தை உனக்கு எழுதியிருக்கிறாள். ஆகவே புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டு ஊருக்கு வரட்டுமா என்கிறாய். வரவேண்டாம். நிச்சயம் ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஜனவரி 20, வியாழக்கிழமை, செபஸ்தியார் திருநாள். வருஷந்தோறும் அன்று ராசிபுரத்திலிருந்து உன் அத்தை திருநாள் தட்டு அனுப்புவது நீ அறிந்ததே. பொரி, வெல்லம், வாழைப்பழம். இவ்வருஷம் அவற்றின் அடியில் ஒரு ராசிபுரம் பட்டுச் சேலையும், மஞ்சளும், வெற்றிலை பாக்கும் இருந்தன. பாஸ்குத் திருநாளுக்கு நீ உடுத்த அனுப்பியிருக்கிறாள் என்று எண்ணி, தட்டு கொண்டுவந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து, வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாதென்று கொஞ்சம் சர்க்கரையும் வைத்து அனுப்பினேன். அந்தச் சர்க்கரைதான் வினையாயிற்று. பெண் வீட்டார் தட்டை ஏற்று இனிப்பு வைத்துத் திருப்பினால் சம்மதம் என்று அர்த்தமாம்.

ஜனவரி 30 ஞாயிறு, பூசைக்குப் பின் நம் பங்குச் சுவாமியார் என்னைக் கூப்பிட்டு, ராசிபுரத்தில் உன் பெயரையும் அத்தை மகன் கிறிஸ்துராஜ் பெயரையும் கல்யாண ஓலைக்குக் கொடுத்திருப்பதாகவும், நம் கோவிலிலும் மூன்று ஞாயிறு பூசையில் அறிக்கையாக வாசிக்க வேண்டுமே என்றும் கேட்டார். என் மகளுக்கே தெரியாத ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, புதன்கிழமை, முதல் பஸ்ஸிலேயே அத்தை வந்து இறங்கினாள். உள்ளே வந்து உட்காரவுமில்லை. நாலு வயசுல ஆத்தாள எழந்த புள்ளைய இடுப்புல தூக்கி வளத்தது நானுங்க, இன்னிக்கு எனக்குக் குடுக்கறதுக்கு உங்களுக்குக் கசக்குதுங்களா அண்ணா, என்று வாசலில் நின்றே கேட்டாள். தட்டு வந்தது திருநாளன்று, ஆகையால் அது திருநாள் தட்டே என்றேன். நல்ல நாளும் பெரிய நாளும் பாத்துத்தானுங்க பரிசம் அனுப்புவாங்க, எழவு விழுந்த அன்னிக்கா அனுப்புவாங்க, என்றாள். நான் பேச்சை மாற்றிப் படிப்பைப் பற்றிச் சொன்னேன். மெட்ராசு போயி எத்தன கணக்குப் படிச்சாலும் கடசியில ஊட்டுல மொளகாய்க்கும் உப்புக்குந்தான கணக்குப் பாக்கோணும், அத நானே சொல்லிக் குடுத்துடுவனுங்க, என்றாள். தெருவில் போன இருவர் நின்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவள் கேட்டது பிப்ரவரி 21, திங்கட்கிழமை. அதைத் தவறவிட்டால் நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிடும். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு வரை நம் கோவிலில் தாலி கட்ட முடியாது. அவசரத்துக்குக் காரணம் அதுவே. ஆனால் அத்தை மகன், மாமன் மகள் உறவுக்கு பிஷப்பாகிய மேற்றிராணியாரின் உத்தரவு பெறவேண்டும் என்பதை அவள் பெரிதாக எண்ணவில்லை. நம்ம சனத்துல அத்த மவனுக்குக் கட்டாம யாருக்குக் கட்டுறாங்க, சாமியாரு குடுத்துடுவாருங்க, என்றாள். உத்தரவுக்கான மனுவில் இரு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்திட வேண்டும் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். மனு 6ஆம் தேதி என்னிடம் வந்தது. நான் கையெழுத்திடவில்லை. 13ஆம் தேதி மீண்டும் வந்தது. அப்போதும் இடவில்லை. 21ஆம் தேதி போயிற்று. நேற்றோடு தபசு காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 10, பாஸ்கு ஞாயிறு வரை உன்னை யாரும் அசைக்க முடியாது. உன் தேர்வோ ஏப்ரல் 2ஆம் தேதி சனிக்கிழமை முடிகிறது. இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கிறிஸ்துராஜைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அந்த 13ஆம் தேதி மனுவைக் கொண்டுவந்தவன் அவனே. நான் மறுத்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்கு அவசரமில்லீங்க மாமா, ஆனா நான் இப்படிச் சொன்னேன்னு அம்மாகிட்டச் சொல்லிப்புடாதீங்க, சோறு கெடைக்காது, என்றான். பஸ் ஏறப் போகும்போது, அவ அத்தனையும் படிச்சு முடிச்சா நான் அவளுக்குச் சரியா இருப்பனுங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க, என்றான். ஒன்பதாம் வகுப்போடு நெசவு நூல் கடைக்கு வேலைக்குப் போனவன். அவனுக்கு நான் எந்த வாக்கும் தரவில்லை. உன்னிடமும் இப்போது எந்தப் பதிலும் கேட்கவில்லை. படித்து முடித்த பிறகு அவனைக் கட்டிக்கொள்வதென்றாலும், கட்டிக்கொள்ளாதிருப்பதென்றாலும், அது உன் வாயிலிருந்து வரவேண்டும். சர்க்கரை வைத்த தட்டிலிருந்து வரக்கூடாது.

இனி உன் காரியம். இன்டர்மீடியட்டில் ஆங்கிலமும் தமிழும் சென்ற மார்ச்சிலேயே தேறிவிட்டாய். மூன்றாம் பகுதியில் பௌதிகம் காலை வாரியதால் கணிதம், ரசாயனம், பௌதிகம் மூன்றையும் சேர்த்தே மறுபடி எழுதுகிறாய். இம்மூன்றும் தேறாமல் சென்னையில் எந்தக் கல்லூரியும் கணித ஆனர்ஸுக்கு உன் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காது. இன்டர்மீடியட்டையே எடுத்துவிட்டு வேறொரு வகுப்பைக் கொண்டுவரப் போவதாகப் பத்திரிகையில் பேச்சு அடிபடுகிறது. அப்படியானால் பாதியில் நிற்பவர்கள் கதி என்ன என்று எவரும் எழுதவில்லை. ஆகவே இம்முறையே முடித்தாக வேண்டும். கணிதம் உனக்குத் தானாக வருகிறதென்பதற்காக அதையே போட்டுக்கொண்டு உட்காராதே. உனக்குப் பிடிக்காததைக் காலையில் படி. ரசாயனச் செய்முறைக் குறிப்பேட்டில் பேராசிரியையின் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் உள்ளதா என்று மார்ச் 5ஆம் தேதிக்குள் பார்த்து எனக்கு எழுது.

தேர்வு முடிந்த மறுநாள் குருத்து ஞாயிறு. எல்லாப் பெண்களும் ஊருக்குக் கிளம்புவார்கள். நீ கிளம்பாதே. ஜூன் மாதம் முடிவு தெரியும்வரை விடுதியிலேயே இருந்து, மடத்து அநாதைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க மடத்துத் தலைவி மதர் சம்மதித்து எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்தே நேராகச் சென்னைக்குப் போ. நீ இங்கே வந்தால் அத்தை வருவாள், வந்து அழுவாள். என்னுடைய மறுப்பை அவளால் மீற முடியவில்லை, ஆனால் அவளுடைய கண்ணீரை உன்னால் மீற முடியாது. என்னாலும் இன்னொரு முறை முடியுமா என்பது சந்தேகமே. அவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்தி.

மேலே 24 என்று தேதியிட்டிருந்தாலும், இந்தப் பத்தியை 26ஆம் தேதி சனிக்கிழமை காலையில் எழுதுகிறேன் என்பதைக் குறிப்பிடுவது முறை. நேற்று முன்தினம் மாலை சிறிது தலை சுற்றிற்று. வலக்கை கொஞ்சம் மந்தமாயிருந்ததால் பேனாவை வைத்துவிட்டேன். எழுத்து சாய்ந்திருப்பதற்கு அதுவே காரணம். வேறொன்றும் எண்ண வேண்டாம். டாக்டர் வந்து பார்த்து உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் இரண்டு வேளையும் கஞ்சி வைத்துத் தருகிறாள். ஏனுங்க சாமி, புள்ளைக்கு ஒரு வார்த்த எழுதுனா ஓடியாந்து பாத்துட்டுப் போவுமுல்லீங்க, என்று தினமும் அரிக்கிறாள். அப்படி எழுதினால் உன் கஞ்சியைக் குடிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் எழுதத் தெரிந்தவர்கள் இத்தெருவில் உண்டு.

ஆகையால் கேட்டுக்கொள்கிறேன். யார் எழுதி அழைத்தாலும் வராதே. மார்ச் 28ஆம் தேதி திங்கட்கிழமை காலை முதல் ஏப்ரல் 2ஆம் தேதி சனிக்கிழமை மாலை வரை உன் பெயருக்கு எது வந்தாலும் மதரே வாங்கி வைத்திருக்கும்படி அவர்களுக்கும் தனியே எழுதியிருக்கிறேன். தந்தியே வந்தாலும் அப்படியே. கடைசித் தாளை எழுதி, எண்களைச் சரிபார்த்து, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அதன் பிறகு பிரித்துப் பார். அதற்குள் பார்த்து ஆவது ஒன்றுமில்லை. நீ எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அது போதும்.

தேவமாதா உன் பக்கத்தில் இருப்பாளாக. உன் தலைமேல் என் கையை வைத்ததாக எண்ணிக்கொள்.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
அ. உபகாரசாமி.
26-2-1955.