படியின் சத்தம்

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா? நான் நலம்.

கதவைத் திறந்தால் தானே இறங்கும் படிகளைத்தான் இங்கே ஷார்ஜாவில் பிக்கப் வண்டிகளுக்கு மாட்டுகிறேன். வத்தலக்குண்டுக்காரர் ஒருவரின் வண்டியில் மாட்டிய படி கிறீச்சிட்டது. கிரீஸ் வைத்துச் சத்தத்தை அடக்கினேன். மறுநாள், பார்வை மங்கிய அவருடைய அத்தா முழங்காலில் சிராய்ப்போடு வந்தார். "சத்தம் கேக்கலயா, படி எறங்கலன்னு நெனச்சுத் தரைக்குக் கால நீட்டிட்டேன் அப்பு" என்றார். பெரிய காயமில்லை. கிரீஸைத் துடைத்துக் கொடுத்தேன்.

போன விடுப்பில், நீங்கள் விழித்தால் போகவிட மாட்டீர்களென்று, நம் வாசல் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். தப்புதான் அத்தா.

முதலாளி கூப்பிடுகிறார். அந்தக் கீலுக்கு இனி எண்ணெய் விடாதீர்கள். நான் வரும்போது அது கத்த வேண்டும், நீங்கள் "யாரு?" என்று கேட்க வேண்டும்.

உங்கள் மகன்,
நிஜாமுதீன்