சரிபார்த்தவர் என்ற இடத்தில் உன் பெயர்

இன்று காலை நாம் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஊர்க் குழுச் செயலாளர் அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம். அதற்கு நடுவில் அவர் குரல், ரொம்ப சாதாரணமாக: "தங்கச்சி, அந்த ரெண்டாவது ஆளு பாக்குற பிளகின தூக்கிருங்க. அதான் ரெண்டாவது ஆளே இல்லாம ஆச்சே."

இல்லாம ஆச்சே. கரண்ட் இல்லாமல் போனதைச் சொல்வது போலச் சொல்கிறார். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து எனக்குக் கோபம் வந்தால் உன்னிடம்தான் கத்துவேன். இப்போது மட்டும் வேறு யாரிடம் போவேன்?

நம் ஊர்ச் செய்தித் தளத்தை ஊர்க் குழு ஆரம்பித்தபோது எல்லோருக்கும் பெருமையாக இருந்தது; எழுதத்தான் ஆள் இல்லை. சுற்றிச் சுற்றி நம் இருவர் கையில் வந்து விழுந்தது. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள். நீ கல்யாணத்துக்கு முன்பு தினமும் பஸ் ஏறி தூத்துக்குடி போய், ஹார்பர் பக்கம் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்த்தவள். தண்ணீர் வராத நாள், பள்ளிக்கூட ரிசல்ட், நிக்காஹ், மவுத்து என்று கல்யாணத்திலிருந்து சாவு வரை எல்லாவற்றையும் போட்டோம். வளைகுடாவில் இருக்கும் நம் ஆண்கள் காலையில் வேலைக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்கூட நான் போனில் சொன்னதை நம்பாமல், "சைட்ல போட்டாச்சா?" என்று கேட்பார்.

தளத்தில் செய்தி அடிக்க முதலில் இருந்த எடிட்டர் வெறும் வெள்ளைப் பலகை. படம் சேர்த்தால் எழுத்தின் மேல் ஏறி உட்காரும். அதோடு சேர்த்து ஒட்டும் சின்ன நிரல், பிளகின், போட்டால்தான் சரிவரும் என்று தேட ஆரம்பித்தோம். ஒரு வார்த்தையைத் தட்டினால் நூற்றுக்கணக்கில் வந்து நின்றன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் நட்சத்திரங்களோடு. எது அதிக நட்சத்திரமோ அதைப் போடுவோம் என்றேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். "ஏளா, நட்சத்திரத்த விடு. நாளைக்கு இத கழட்டினா நம்ம எழுத்து என்னாகும்னு பாரு."

தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்று அழகாக இருந்தது. கழற்றியதும் நம் கட்டுரை முழுக்க சதுர அடைப்புக்குறிகளும் புரியாத குறிகளும் மட்டும் மிஞ்சின. இன்னொன்றில் போனில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நின்றன. கம்ப்யூட்டரில் சரியாகத்தானே வருகிறது என்றேன். "நம்ம ஊர்ல எந்தப் பொம்பள கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து எழுதுதா? அடுப்புக்கும் போனுக்கும் நடுவுலதான் எழுதுதாளுவ" என்றாய். அதையும் தூக்கினோம். மூன்றாவதைச் செய்தவன் அதைத் தொட்டே வருஷக்கணக்காகிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். "ஆளில்லாத வீட்டுக்குக் குடிபோகச் சொல்லுதியா?"

செயலாளர் காக்காவுக்கு ஒரு பிளகின் மேல் உயிர். அதைப் போட்டால் தலைப்பு பறந்து வந்து நிற்கும், படம் சுழலும். சென்னையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். "உலகத் தரத்துல இருக்கும் தங்கச்சி" என்றார். நீ சிரிக்காமல் கேட்டாய்: "மவுத்துச் சேதியும் பறந்து வரணுமா காக்கா?" அன்றிலிருந்து அவருக்கு உன்னைப் பிடிக்காது. அதை நீ கடைசி வரை சட்டை செய்யவில்லை.

பிறகுதான் அந்தத் தப்பு நடந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். வாட்ஸ்அப் குழுக்களில் வருமுன் நாம் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், நம் இருவரையும் கேட்காமல், செயலாளரே அட்மின் கணக்கில் நுழைந்து செய்தியைப் போட்டார். பெயர் மட்டும் இருந்தது. வாப்பா பெயர் இல்லை, தெரு இல்லை. அதே பெயரில் ஊரில் இன்னொருவர் இருக்கிறார். அவர் மகன் சவூதியில், தம்மாமில். அந்தப் பையன் வேலை இடத்திலேயே மயங்கி விழுந்தானாம். தெளிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறான். எடுத்தது அவன் வாப்பாவே. "வாப்பா" என்று ஒரு சொல்லுக்கு மேல் அவனால் பேச முடியவில்லை என்று அந்த வாப்பாவே நம் எதிரில் உட்கார்ந்து சொன்னார். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய்.

அடுத்த குழுக் கூட்டத்தில் உன் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. யார் எழுதினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுக்காமல் வெளியே போகாதபடி ஒரு பிளகின் போட வேண்டும் என்றாய். தாமதமாகும் என்றார்கள். வாட்ஸ்அப் குழுக்காரர்கள் நம்மை முந்திவிடுவார்கள் என்றார்கள்.

"மவுத்துச் சேதியில முந்தி என்ன கப்பு வாங்கப் போறிய?" என்றாய். "ஹார்பர்ல ஒரு எழுத்து மாறினா கன்டெய்னர் நிக்கும், அவ்வளவுதான். இங்க ஒரு பையன் விழுந்து கிடந்திருக்கான்."

போட்டோம். ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'எழுதியவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு பெயர்கள் வரும். அதை மறைத்து வைக்கலாமே என்றேன். "பேரு கீழ கிடந்தாத்தான் படிச்சுட்டு அமுக்குவோம்" என்றாய். அதன் பிறகு நீ எனக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சமா? 'சுமார்' என்று எழுதினால் திருப்பி அனுப்புவாய். நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன், போன் கத்தும்: "சுமாருன்னா என்னளா? தெரியாட்டி கேட்டுட்டு எழுது." எத்தனை தடவை உன்னைத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தத் தொல்லையைக் கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது.

ஊரில் யார் வீட்டில் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதியவளுக்கு உன் உடம்பு மட்டும் செய்தியாகப் படவில்லை. காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்தாய். நான் வந்து தொட்டுப் பார்த்து, கொதிக்கிறதே என்றதற்கு, "வெயில்ல வந்தேன்" என்றாய். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிற கையோடு குடிநீர்ச் செய்தி ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? போனைப் பிடுங்கி உன் உம்மா கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை நீ இல்லை. டெங்கு என்றார்கள். இன்னும் முன்னாடியே கொண்டு வந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டர். அதை உன்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்.

உன் மவுத்துச் செய்தியை நான்தான் எழுதினேன். உன் வீட்டில், பெண்கள் நிறைந்திருந்த அறையின் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு போனில் அடித்தேன். அதற்குள் வாட்ஸ்அப் குழுக்களெல்லாம் போட்டுவிட்டன. எழுதி முடித்துப் பொத்தானைத் தேடினால் 'வெளியிடு' இல்லை. 'சரிபார்க்க அனுப்பு' என்று இருக்கிறது. அனுப்பினேன். 'ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று உன் பெயரைக் காட்டியது.

உள்ளே உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் போன் செய்தார். "என்ன தங்கச்சி, நம்ம சைட்ல இன்னும் வரலியே? விடுங்க, நான் அட்மின்ல போயி அமுக்கிடுறேன்."

"நான் எழுதுனத படிச்சியளா காக்கா?"

"அதுல படிக்க என்ன இருக்கு?"

கட் பண்ணிவிட்டேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரின் போனை அப்படித் துண்டித்தது அதுதான் முதல் தடவை. படிக்க என்ன இருக்கிறதாம்.

உன் உம்மாவிடம் போனேன். அழுது ஓய்ந்து தலையணையில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எதுவும் கேட்காமல் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு என் போனை வாங்கினார். உன் பெயரையும் உன் வாப்பா பெயரையும் விரலால் தடவித் தடவிப் படித்தார். நல்லடக்கம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு என்று எழுதியிருந்தேன். எல்லாக் குழுக்களிலும் அப்படித்தான் இருந்தது.

"அஸர் இல்ல மவளே, மஃரிபு, பொழுது சாஞ்ச பொறவு. அவ தம்பி பெங்களூர்ல இருந்து வந்துக்கிட்டிருக்கான். இப்பத்தான் பேசி மாத்துனாவ."

மாற்றினேன். உம்மா எழுந்து போய் உன் போனை எடுத்து வந்தார். அதைத் திறக்கும் எண் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பொத்தான் என்று கேட்டு, காட்டிய இடத்தில் அழுத்தினார். செய்தி வெளியே போனது. சாத்தான்குளத்திலிருந்து அஸருக்குள் வந்துவிட முடியாதே என்று தவித்துக்கொண்டிருந்த உன் பெரியம்மா அதைப் பார்த்துத்தான் நிதானமாகக் கிளம்பி வந்து, உன் முகத்தைப் பார்த்தார்.

ஆனால் கீழே இரண்டு பெயர்கள் வருமே. அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து ஷரீஃபா கூப்பிட்டாள். நம் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்த அதே ஷரீஃபா. அவள் குரலில் அழுகை இல்லை, அவசரம்தான் இருந்தது. "ஏளா, சரிபார்த்தவர்னு அவ பேரு இருக்கே! அப்ப இது அன்னைக்கு மாதிரி தப்பான சேதிதானே? அவ இருக்காதானே? போன அவட்ட குடு."

அவளிடம் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் போட்ட சத்தம் நினைவிருக்கிறது. உன்னை இரண்டாவது தடவை அவளுக்கு நான் கொன்றேன். இதற்கும் உன் மேல்தான் கோபம். பெயர் கீழே கிடக்கட்டும் என்று அடம் பிடித்தது யார்?

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும் வரை ஷரீஃபா என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் இரண்டே வார்த்தை அனுப்பினாள்: "நான் பாக்கேன்." புரியாமல் கூப்பிட்டேன். "உனக்கு ரெண்டாவது ஆளு வேணும்லா? நான் பாக்கேன். எவளும் இன்னொரு தடவை என்ன மாதிரி போன் போட்டுக் கேக்கக் கூடாது" என்றாள். அவளுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தேன். உன்னைவிட மோசம் அவள். நேற்று ஒரு நிக்காஹ் செய்தியை மூன்று முறை திருப்பி அனுப்பினாள்.

இதெல்லாம் செயலாளருக்குத் தெரியாது; செய்திக்குக் கீழே கிடக்கும் அவள் பெயரை அவர் படித்தால்தானே. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவருக்குப் பதில் அனுப்பினேன்: "பிளகின் இருக்கும் காக்கா. ரெண்டாவது ஆளு இருக்கா. நீங்க அத எடுத்தா, அடுத்த சேதிய நீங்களே எழுதிக்கிடுங்க." உடனே பதில் வந்தது: "கோவப்படாதிய தங்கச்சி. இருக்கட்டும். ஆனா அவ கணக்க மூடிரணும், அது பாதுகாப்பு இல்ல."

அது ஒன்றுதான் அவர் சொன்னதில் நியாயம். அட்மின் கணக்கில் போய்த் திறந்தேன். உன் கணக்கை நீக்கு என்று அழுத்தியதும் ஒரு கேள்வி வந்தது: இவருடைய பதிவுகளை என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா? இரண்டே வழி. நம் இத்தனை வருஷத்துக்கு இரண்டே வழி. குழுவின் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று காக்கா அடுத்த செய்தியில் யோசனையும் சொல்லிவிட்டார்.

மாட்டேன். அந்தப் பெட்டியை மூடிவிட்டுத் தேடினேன். வேறொரு பக்கத்தில், ஒவ்வொருவருக்கும் என்ன பொறுப்பு என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில், ஆகக் கடைசியாக இருந்தது: 'இந்தத் தளத்தில் எந்தப் பொறுப்பும் இல்லை'. அதை உனக்குக் கொடுத்தேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். இனி யாரும் உன் பெயரில் உள்ளே வர முடியாது. நீ எழுதிய எதிலிருந்தும் யாரும் உன் பெயரை எடுக்கவும் விடமாட்டேன்.

உனக்கு இங்கே இனி ஒரு வேலையும் இல்லை. காய்ச்சலோடு யாரும் உன்னை எழுப்பி ஒப்புதல் கேட்க மாட்டார்கள். வேலையெல்லாம் எனக்கு. கோபமும் எனக்கே இருக்கட்டும். அதை நான் யாருக்கும் மாற்றிக் கொடுப்பதாக இல்லை.